கிளட்ச் வாசனை என்று சொன்னேன்

என் அக்காள் கணவரின் இடது காலைப் பறித்தது தண்ணீர்மலை முருகன் அல்ல. நான்.

இத்தனை ஆண்டுகளில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. அவள் மகள் தேவகியிடம் சொல்லவில்லை. மச்சான் உயிரோடு இருந்தவரை அவரிடமும் சொல்லவில்லை. உங்களை எனக்குத் தெரியாது... அதனால்தானோ என்னவோ, உங்களிடம் சொல்ல வாய் வருகிறது.

என்மீது இரக்கப்படாதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மச்சானின் பெயர் இராஜமாணிக்கம். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே கடலில் ஓடும் ஃபெரியின் என்ஜின் அறையில் அவருக்கு வேலை. நான் மாக் மண்டினில், லாரிகளுக்குப் பின்பெட்டி கட்டும் ஒரு பட்டறையில் வெல்டர். பெற்றோர் போன பிறகு அக்கா வீடுதான் என் வீடு. மச்சான் என்னை ஒருநாளும் ஒட்ட வந்தவனாக நடத்தியதில்லை. தன் தட்டிலிருக்கும் மீனின் நடுத்துண்டை எடுத்து என் சோற்றில் வைக்கும் மனிதர் அவர். அப்படிப்பட்டவரைத்தான்...

சரி. வரிசையாகச் சொல்கிறேன்.

“இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போயிட்டுப் போயிட்டு வர்றதே பொழப்பாப் போச்சு மாப்ளே. ரோடே இல்லாத எடத்துக்கு ஒருநாள் போவணும்லா” என்பார் மச்சான்.

அந்த ஆசையில்தான் ஜீப் கட்டினோம். எண்பதுகளின் தொடக்கம் அது. பழைய இரும்புக் கடையில், இராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்தது. மோதி நொறுங்கிய ஒரு ஜப்பான் வேனிலிருந்து என்ஜினைக் கழற்றி வந்தோம். வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை தோறும் வேலை. வெட்டுவதும் ஒட்டுவதும் நான். யோசிப்பது அவர். அக்கா இடுப்பில் குழந்தை தேவகியோடு வந்து நின்று, “இது ஓடப்போவுதாக்கும்!” என்று சிரித்துவிட்டுப் போவாள். அந்த வீட்டில் அப்போது அவ்வளவு சிரிப்பு இருந்தது... இப்போது நினைத்தால் வேறு யாரோ வாழ்ந்த வீடு போலத் தோன்றுகிறது.

வண்டி ஓடியது! ஆனால் சூடு எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

அந்த என்ஜினுக்கு அந்த வண்டியில் சரியான இடமில்லை. புகைக்குழாய் இடப்பக்கமாக இறங்கியது. நடுவில் கியர்பெட்டி மறித்தது. வேறு வழியில்லாமல், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் அமர்பவரின் காலடியில், தரைத்தகட்டை உரசாத குறையாக அந்தக் குழாயைக் கொண்டுபோனேன். முதல் நாள் அக்காவை அங்கே உட்காரவைத்துத் தஞ்சோங் பூங்கா கடற்கரைவரை போனோம். பாதி வழியில் அவள் இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கிக்கொண்டாள்.

“ஐயோ, அடுப்பு மேல கால வெச்ச மாதிரி இருக்குங்க! இதுல மனுஷன் போவ முடியுமா?”

மச்சான் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு அதே நினைவு. வாழ்நாளெல்லாம் கொதிக்கும் என்ஜின்களுக்கு நடுவே நின்றவர் அல்லவா! ஃபெரியில் செய்வதுபோலக் குழாயைக் கல்நார்க் கயிற்றால் சுற்றினார். பானெட்டின் இரு பக்கங்களிலும் வெப்பக் காற்று வெளியேறத் திறப்புகள் வெட்டச் சொன்னார். முக்கியமாக, குழாய்க்கும் தரைக்கும் நடுவில் ஓர் அலுமினியத் தகடு. அது மேலேயும் ஒட்டக்கூடாது, கீழேயும் ஒட்டக்கூடாது.

“ரெண்டு பக்கமும் காத்து ஓடணும் மாப்ளே. சும்மா மேல ஒரு துணியப் போட்டு மூடினா சூடு போவாது. உள்ளேயே நின்னு கடிக்கும்.”

அந்தத் தகட்டைப் பிடித்து நிறுத்தும் கொக்கிகளை நான்தான் வெல்டிங் செய்தேன். அடுத்தமுறை அக்கா பாலிக் புலாவ் வரை செருப்பில்லாமல் கால் நீட்டி உட்கார்ந்து, வழியிலேயே தூங்கியும் போனாள். அவள் தூங்கியதைப் பார்த்து மச்சானுக்கு அவ்வளவு பெருமை!

பிறகு ஓடைகளிலும் சேற்றிலும் இறங்கி ஏறியதில் கல்நார்க் கயிறு நனைந்து, இற்று, தொங்கத் தொடங்கியது. அதை வெட்டி எறிந்தோம். “தகடு இருக்குற வரைக்கும் பயம் இல்ல” என்றார் மச்சான்.

தகடு இருக்கும்வரை... ஆம், அப்படித்தான் சொன்னார். என் காதுபடச் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மச்சானுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. மாத்திரை போடுவார், மறப்பார். ஒருநாள் நான் வெல்டிங் செய்தபோது கனன்ற துளி ஒன்று தெறித்து, சிலிப்பர் போட்டிருந்த அவர் பாதத்தின்மேல் விழுந்தது. நான் பதறிப்போய்த் தட்டிவிட்டேன். அவரோ குனிந்து பார்க்கும்வரை அறியவே இல்லை! தோல் பொசுங்கியிருந்தது.

“என்ஜின் ரூம் காலு மாப்ளே, செத்துப்போச்சு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அந்தக் கதவை நானே மூடிவிடுகிறேன். எனக்குத் தெரியும்.

ஜீப் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்துத் தேவகிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஐந்து வயதுக் குழந்தை, பேச்சுமூச்சின்றிக் கிடந்தாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மச்சான் தரையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டார்: பிள்ளை எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறேன். பிள்ளை எழுந்தாள். மச்சான் விரதம் தொடங்கினார்.

தைப்பூசத்துக்குச் சில நாள்களுக்கு முன்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

தகட்டின் கொக்கிகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. மேடுபள்ளத்தில் தகடு குழாயில் மோதி ஓயாமல் கடகடவென்று சத்தம் போட்டது. எங்களைப்போல ஜீப் வைத்திருந்த சில நண்பர்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் கூடுவார்கள். நான் வண்டியை அங்கே கொண்டுபோனபோது ஒருவன், “டேய், தகர டப்பா வருதுடா!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புதான்! வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்...

வீட்டுக்கு வந்ததும் தகட்டைக் கழற்றிக் கொட்டகைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். புதுக் கொக்கி போட அரைமணி நேர வேலை. அடுத்த வாரம் செய்யலாம் என்று விட்டேன். சூடு தெரியாதிருக்கப் பழைய கம்பளத் துண்டு ஒன்றைத் தரையில் விரித்தேன். எதைச் செய்யாதே என்று மச்சான் சொன்னாரோ, அதையே!

அவரிடம் சொன்னேனா? இல்லை. சொன்னால், “தகடு போட்டப்புறம் வண்டிய எடு” என்பார். தைப்பூசத்துக்கு மறுநாள் ஜீப்பில் பாலிக் புலாவ் பக்கத்து மலைக்குப் போவதாக நாங்கள் பேசி வைத்திருந்தோம். முதன்முறையாக ஏற்றத்தில் ஓட்டும் பொறுப்பை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அது தள்ளிப்போவதை நான் விரும்பவில்லை.

தைப்பூசத்தன்று மச்சான் வெறுங்காலில் காவடி சுமந்து நடந்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். தண்ணீர்ப் பந்தல்காரர்கள் தார் சாலையில் வாளி வாளியாக நீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மலையேறி, காவடி செலுத்தி, இறங்கி வந்ததும் குழாயடியில் அவரை உட்காரவைத்து, என் கையாலேயே அவர் கால்களைக் கழுவினேன். இரண்டு உள்ளங்கால்களையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மண் இருந்தது. குங்குமம் இருந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லை!

அதைப் பார்த்தவன் நான் ஒருவன் மட்டும்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். வீட்டில் விரதச் சாப்பாடு இன்னும் முடியாததால் அக்கா புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். பாலிக் புலாவுக்கு அப்பால், டுரியான் தோட்டங்களுக்கு இடையே மேலேறும் மண்பாதை. மச்சான் சிலிப்பரைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, கம்பளத்தின்மேல் இடது காலை ஊன்றி, வலது காலை இருக்கையில் மடித்து வைத்து, வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

“நேத்து நடந்தது, காலு அசதியா இருக்கு. கம்பளம்லாம் போட்டு ராஜா வண்டி ஆக்கிட்டியே மாப்ளே!”

நான் சிரித்து மழுப்பினேன்.

ஏற்றம் செங்குத்தாகியது. முதல் கியரில், நடப்பதைவிட மெதுவாக வண்டி ஊர்ந்தது. என்ஜின் கதறியது. வேகம் இல்லை, அதனால் கீழே காற்றோட்டமும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் புகைக்குழாய் பழுக்கும். காலில் கனத்த சப்பாத்து போட்டிருந்த எனக்கே இடது முழங்காலில் அனல் அடித்தது. பிறகு அந்த வாசனை வந்தது.

“என்னா வாசம்டா அது?” என்றார் மச்சான்.

“கிளட்ச் மச்சான். ஏத்தம்ல, சூடாயிருக்கும்.”

“ஓ... கிளட்ச்சா. பதறாம மெதுவாப் போ. நல்லாத்தான் ஓட்டுற.”

கிளட்ச் வாசனை எனக்குத் தெரியாதா? கம்பளம் கருகும் வாசனை எனக்குத் தெரியாதா? நெருப்போடு பிழைப்பவன் நான்! அது கம்பளம் என்று மூக்கு சொன்னது. வாய் கிளட்ச் என்றது. நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுகூட முழு உண்மையில்லை. வழியில் சமமான இடம் ஒன்று வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கவேண்டும். பார்த்தால் தகடு இல்லாதது தெரிந்துவிடும்... நான் நிறுத்தவில்லை.

அவர் காலை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல அவர் காலுக்கு வலி தெரியாதே!

உச்சியில் இறங்கி மச்சான் வெறுங்காலோடு புல்லில் நடந்தார். மேற்கே கடல் விரிந்து கிடந்தது. அவர் முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

“மாப்ளே! இங்கேருந்து பாத்தா ஃபெரியே தெரியல!” என்று குழந்தைபோலக் கத்தினார்.

வெந்த காலோடு நின்றுகொண்டுதான் அவர் அவ்வளவு மகிழ்ந்தார். அது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? அப்போது உறுதியாகத் தெரியாது. சந்தேகம் இருந்தது. “காலக் காட்டுங்க மச்சான்” என்று கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் அவர் குளிக்கப் போனார். நான் கம்பளத்தைப் புரட்டினேன். அடிப்பக்கம் கரியாகியிருந்தது. சுருட்டி, தெருமுனைக் குப்பைத்தொட்டியின் அடியில் திணித்தேன். மறுநாளே புதுக் கொக்கிகள் போட்டுத் தகட்டைப் பழைய இடத்தில் மாட்டினேன். அரைமணி நேரம்தான் ஆயிற்று.

சில நாள் கழித்து அக்காதான் பார்த்தாள். மச்சான் நடந்துபோன தரையில் ஈரத் தடம் இருந்தது. உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்து அலறினாள். இடது குதிகாலும் பாதத்தின் பக்கமும் கொப்புளம் உடைந்து, நிறம் மாறியிருந்தன.

“ஐயோ, என்னங்க இது! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“எனக்கே தெரியல சரசு. காவடி எடுத்தப்ப தார் ரோட்டுல வெந்திருக்கும்.”

மருத்துவமனைக்கு நானும் போனேன். இளம் சீன மருத்துவர். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: நடந்தது இரண்டு காலாலும்தானே, ஒரு காலில் மட்டும் ஏன் இப்படி?

மச்சான் சிரித்தார். அக்கா, “அது முருகனுக்குத்தான் தெரியும்” என்றாள்.

முருகனுக்கும் தெரியும். இரண்டு அடி தள்ளி நின்ற எனக்கும் தெரியும். மருத்துவர் என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்...

முதலில் விரல்களை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். என்ஜின் அறையின் இரும்பு ஏணியில் இறங்க முடியாதவருக்கு அங்கே என்ன வேலை? வீட்டில் உட்கார்ந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவரானார்.

அக்கா ஒருநாள் சாமி மேடையிலிருந்து முருகன் படத்தை எடுத்து, பழைய புடவையில் சுற்றி, அலமாரியின் மேலே தூக்கிப் போட்டாள்.

“புள்ளயக் குடுத்துட்டு புருஷன் கால எடுத்துக்கிட்டான். இது என்னா நியாயம் தம்பி? நான் ரெண்டையும்தான கேட்டேன்?”

என்னிடம்தான் கேட்டாள்! என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விடுக்கா” என்றேன். எந்தத் தவறும் செய்யாத தெய்வத்தின்மேல் என் குற்றத்தை ஏற்றிவிட்டு, விடுக்கா என்றேன். அதற்குப் பிறகு அவள் தண்ணீர்மலைப் பக்கம் போனதே இல்லை.

ஒருமுறை மச்சான் ஜீப்பில் உட்காரவேண்டும் என்று கேட்டார். தூக்கி, அதே இருக்கையில் வைத்தேன். வண்டியைக் கிளப்பச் சொல்லவில்லை. குனிந்து, கையைக் கீழே விட்டு, தரைத்தகட்டின் அடியில் எதையோ தடவிக்கொண்டே இருந்தார். கொக்கிகள்.

“புதுசா வெல்டிங் போட்டியா?”

“ஆமா மச்சான்... பழசு விரிசல் விட்டிருச்சு.”

“எப்போ?”

“ரொம்ப நாளாச்சு” என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு, “நல்லா புடிச்சிருக்கு” என்றார். இறக்கிவிடச் சொன்னார். அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் அக்காவிடம் சொல்லாமல் விட்டாரா? அல்லது ஒரு வெல்டிங்கைப் பற்றி மட்டும்தான் பேசினாரா? அதன்பின் அவர் அந்த வண்டியில் ஏறவில்லை. என் தோளில் கைபோட்டு நடக்கும் வழக்கம் மட்டும் அவருக்குக் கடைசிவரை இருந்தது. கட்டைக்காலோடு, தன் பாரத்தையெல்லாம் என்மேல் சாய்த்து...

சில ஆண்டுகளில் சிறுநீரகம் பழுதாகி அவர் போய்ச் சேர்ந்தார். அந்த நோய்க்குச் சின்னப் புண்ணே போதும், எப்படியும் ஒருநாள் இது நடந்திருக்கும் என்று மருத்துவமனைத் தாதி ஒருத்தி என்னைத் தேற்றினாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க நான் எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை. எப்படியும் நடந்திருக்கலாம்... ஆனால் நடந்தது என்னால்!

காரியம் முடிந்ததும் ஜீப்பை நானே வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா குடும்பத்துக்காகத் தம்பி தன் வாழ்க்கையையே தியாகம் செய்துவிட்டான் என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அக்காவும், “நீ இல்லன்னா நாங்க என்னா ஆயிருப்போம்?” என்று கண் கலங்குகிறாள். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு சோறு தின்கிறேன். உங்களால் முடியுமா? என்னால் முடிகிறது.

இத்துடன் முடிந்திருந்தால் இதை நான் சொல்லாமலே செத்திருப்பேன். முடியவில்லை.

தேவகி வளர்ந்துவிட்டாள். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஈப்போவைச் சேர்ந்த ஒரு பையன் அவளை விரும்புகிறான். நல்ல பையன், வீட்டுக்கே வந்து அக்காவிடம் முறையாகக் கேட்டான். திருமணமானால் ஈப்போவில்தான் இருக்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை தேவகி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, நான் வேணாம்னு சொல்லப் போறேன்.”

“ஏம்மா? உனக்குப் புடிச்சுத்தான இருக்கு?”

“புடிச்சிருக்கு.” நகத்தைப் பார்த்தபடி சொன்னாள். “ஆனா அம்மாவ விட்டுட்டு எப்படிப் போவ முடியும்? சின்ன வயசுலேருந்து எனக்கு இதான் மாமா மனசுல. அப்பா எனக்காகக் காலயே குடுத்தாரு. எனக்குக் காய்ச்சல் வரலன்னா அவரு வேண்டியிருக்க மாட்டாரு, நடந்திருக்க மாட்டாரு. அவரு போனதுக்கு நான்தான் காரணம். நான் அம்மாகூட இருக்கறதுதான் சரி.”

ஐந்து வயதிலிருந்து... என் சுமையை அந்தப் பிள்ளை தூக்கிக்கொண்டிருக்கிறாள்! நான் பக்கத்து அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

“அப்படியெல்லாம் நெனைக்காதம்மா” என்றேன்.

“வேற எப்படி மாமா நெனைக்கறது? நீங்க சொல்லுங்க.”

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். உன் அப்பாவின் கால் கோயிலுக்கு நடந்து வேகவில்லையம்மா, என் வண்டியில் வெந்தது. அந்த வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அடுப்படியில் அக்கா ஏதோ தாளிக்கும் ஓசை கேட்டது. இதைச் சொன்ன பிறகு இந்த வீட்டில் எனக்கு யார் இருப்பார்கள்? அந்தக் கணத்திலும், அந்தக் கணத்திலும்கூட, நான் என்னைப் பற்றித்தான் நினைத்தேன்...

“யோசிச்சு செய்ம்மா” என்றேன். “உன் இஷ்டம்.”

அவள் தலையசைத்தாள். எழுந்து கூடத்துக்குப் போய்த் தொலைபேசியில் எண்களை அழுத்தினாள். மெல்லிய குரலில், தமிழும் ஆங்கிலமுமாக, வெகுநேரம் பேசினாள். அழவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேசி முடிக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. எழுந்துபோய் அந்தக் கருவியை அவள் கையிலிருந்து வாங்கியிருக்கலாம். நான் அசையவில்லை. அவள் அதை வைக்கும் ஓசை கேட்டது.

இன்று வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவாள். கைப்பையை மாட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போவாள். தேநீர் கலந்து, முதல் குவளையை எனக்குத்தான் கொண்டுவருவாள்.

நான் வாங்கிக் குடிப்பேன்.